வறட்சி தாங்கும் யூபோர்பியா: வெயிலில் இலை கொட்டுகிறது, மழையில் தண்டு அழுகுகிறது, ஏன்?

கேள்வி | 11 ஜூன் 2023

சென்னை, மொட்டை மாடி. மூன்று யூபோர்பியா வைத்திருக்கிறேன் (முள்கிரீடம், கிறிஸ்துமுள் என்றும் சொல்கிறார்கள்). இரண்டு பெரிய பூ தாய்லாந்து ரகம், ஒன்று சின்னப் பூ சிவப்பு. எல்லாம் 12 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில். "கள்ளி இனம், தண்ணீரே வேண்டாம்" என்று வாங்கிய இடத்தில் சொன்னதால் பத்து நாளுக்கு ஒருமுறைதான் ஊற்றுகிறேன். தாய்லாந்து ரகம் இரண்டும் இலை கொட்டி, நுனியில் நாலு இலையோடு குச்சியாக நிற்கின்றன. பூவே இல்லை. போன வருடம் வாங்கிய ஒன்று கார்த்திகை மழையில் அடித்தண்டு கருத்துச் சாய்ந்தது. வறட்சி தாங்கும் என்பது உண்மையா, பொய்யா?

பதில் | 11 ஜூன் 2023, இரவு

உண்மை. ஆனால் தாங்கும் என்றால் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். பூப்பது வேறு கணக்கு.

இது மடகாஸ்கர் செடி. அங்கே நீண்ட வறண்ட காலத்தில் பாறை இடுக்கில் நிற்கும். தண்ணீர் கிடைக்காவிட்டால் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்த ஈரத்தை வைத்து மாதக்கணக்கில் ஓட்டும். உங்கள் செடிகள் இப்போது அந்த நிலையில் இருக்கின்றன. பூங்கொத்து வருவது வளரும் நுனியில், புது இலையின் கக்கத்தில். நுனி வளராவிட்டால் புது இலை இல்லை, பூவும் இல்லை. ஆகவே பூ வேண்டுமென்றால் வெயில் காலத்தில் ஒழுங்காகத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும்.

கார்த்திகையில் செத்தது வேறு காரணம். அது தண்ணீரின் அளவால் வந்த சாவு இல்லை. வேருக்குக் காற்று கிடைக்காமல் நாள்கணக்கில் மண் நனைந்தே கிடந்ததால் வந்தது. 12 அங்குலத் தொட்டி இந்தச் செடிக்கு மிகப் பெரிது. வேர் பரவாத மண்ணில் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை.

12 ஜூன் 2023

எவ்வளவு ஊற்றுவது என்ற கேள்விக்கு.

8 அங்குல மண் தொட்டி, இலை நிறைந்த செடி, சென்னை ஜூன் வெயில்: இரண்டு நாளுக்கு ஒருமுறை சுமார் அரை லிட்டர். கீழ்த்துளையில் தண்ணீர் வடியும் வரை ஊற்றி நிறுத்த வேண்டும். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது மோசமான பழக்கம். மேல் ஒரு அங்குலம் மட்டும் நனையும், அடி வேர் காயும்.

நாளை எண்ணி ஊற்றாமல் தென்னை ஈர்க்குச்சியைத் தொட்டி ஓரமாக மூன்று அங்குலம் இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டினாலோ குச்சி குளிர்ச்சியாக இருந்தாலோ வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றலாம். பழகிவிட்டால் தொட்டியைச் சற்றே சாய்த்துப் பார்த்த கனத்திலேயே தெரிந்துவிடும்.

இலை கொட்டிய செடிக்கு இந்த அளவு பொருந்தாது. இலை இல்லாத செடி தண்ணீரை மிக மெதுவாகத்தான் இழுக்கும். முதலில் 200 மி.லி. விட்டு, மண் முழுதும் காயும் வரை காத்திருங்கள். நுனியில் பச்சை மொட்டு தெரிந்த பிறகு கூட்டுங்கள். வாடியிருக்கிறதே என்று முதல் நாளே குடம் குடமாக ஊற்றினால் ஜூனிலேயே அழுகும்.

14 ஜூன் 2023

மண் கலவை. அளவெல்லாம் கொள்ளளவில், ஒரே டப்பாவால் அளந்தது.

செம்மண் 2, கழுவிய ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் 2, உடைத்த செங்கல் 1, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத் தூள். செங்கல் துண்டு பட்டாணி அளவில் இருக்கட்டும், தூளைச் சலித்துவிடுங்கள். எம்-சாண்டில் மாவு போன்ற தூசி இருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் ஈரம் பட்டுக் காய்ந்து சிமெண்ட் போல இறுகும். மணலை நம்பி ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடுவது பலர் சொல்வது. தேவையில்லை. துளையை ஓட்டாஞ்சில்லால் மூடிவிட்டு முழுவதும் கலவையே போடுங்கள். நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், மேல் மண் முழுக்க நனைந்து ததும்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. அதனால் ஈரம் நிற்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும்.

14 ஜூன் 2023, சிறு சேர்ப்பு

கடையில் வரும் தாய்லாந்து ரகங்கள் பெரும்பாலும் வெறும் தென்னை நார்க்கழிவில் இருக்கும். வாங்கியதும் பூவோடு இருக்கிறதே என்று அப்படியே விடாதீர்கள். நார்க்கழிவு காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளியில் ஓடிப்போகும், நடுவில் வேர் காய்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் நேர்மாறு, பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து விடாது. பத்து நாள் பழகவிட்டு, வேரைச் சுற்றியுள்ள நாரை விரலால் முக்கால்வாசி உதிர்த்து, மேலே சொன்ன கலவைக்கு மாற்றுங்கள். மாற்றிய மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். அறுபட்ட வேர் நுனி ஆற வேண்டும்.

18 ஜூன் 2023

பெயர் பற்றிக் கேட்டவருக்கு. "கள்ளி" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறோம், குழப்பம் அங்கே தொடங்குகிறது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை யூபோர்பியா இனம், ஆமணக்குக் குடும்பம். உடைத்தால் பால் வரும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ், அதை வெட்டினால் பால் வராது. இன்னொரு வேறுபாடு: கேக்டஸில் முள் கொத்துக்கு அடியில் ஒரு சிறு பஞ்சு மெத்தை இருக்கும், யூபோர்பியாவில் இருக்காது. கேக்டஸுக்குச் சொன்ன பராமரிப்பை முள்கிரீடத்துக்குச் செய்தால் நீங்கள் பார்த்த விளைவுதான் வரும்.

திருகுகள்ளியின் அறிவியல் பெயரே "யூபோர்பியா திருகள்ளி". 17ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் தொகுக்கப்பட்ட ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற தாவர நூலில் இருந்த உள்ளூர்ப் பெயரை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அப்படியே எடுத்துக்கொண்டார். நம் முள்கிரீடத்துக்கு "யூபோர்பியா மிலி" என்று பெயர். ரீயூனியன் தீவின் ஆளுநராக இருந்த மிலியுஸ் 1821இல் இதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். 1826இல் அவர் பெயரை வைத்தார்கள்.

பூ என்று நாம் பார்க்கும் சிவப்பு, ரோஸ், மஞ்சள் நிறமெல்லாம் பூவடிச் செதில்கள். அசல் பூ நடுவில் கடுகளவில் இருக்கிறது. வாரக்கணக்கில் வாடாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். தாய்லாந்தில் இதற்குப் "போய்சியன்" என்று பெயர், சீன மரபின் எட்டு சித்தர்கள் என்று பொருள். கொத்தில் எட்டு பூ வந்தால் வீட்டுக்கு நல்லது என்பது அங்குள்ள நம்பிக்கை. பூக்காம்பு இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போவதால் 4, 8, 16 என்றுதான் பெரும்பாலும் வரும். எட்டு வருவதும் பதினாறு வருவதும் செடியின் ஊட்டத்தைப் பொறுத்தது. அந்த வகையில் அது நல்ல அறிகுறிதான்.

2 ஜூலை 2023

பால் பற்றி நேற்று ஒருவர் கேட்டதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சல், கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, கருவிழியே புண்ணாகும். வெட்டும்போது ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வியர்வையைக் கையால் துடைக்கும் பழக்கத்தை அந்த அரை மணி நேரம் மறந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விட வேண்டாம். தோலில் பட்டால் உடனே சோப்பும் தண்ணீரும். காய்ந்து பிசினான பிறகு சோப்புக்கு அசையாது. கத்திரியில் ஒட்டியதைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போட்டால் வந்துவிடும்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைக்காதீர்கள்.

23 ஜூலை 2023

வெட்டுதல், பதியம்.

நேராக ஒரே குச்சியாகப் போகும் செடியை வெட்டினால்தான் கிளைக்கும், கிளை கூடினால் பூக்கும் நுனிகள் கூடும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. வெட்டியதும் வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். அதன் பின் கரித்தூள் தடவலாம், தடவாவிட்டாலும் பழுதில்லை. நல்ல பருவம் மாசி, பங்குனி. ஜூலை, ஆகஸ்ட் முதல் பாதி வரை செய்யலாம். அதற்குப் பிறகு வேண்டாம், வெட்டுவாய் ஆறிப் புதுக்கிளை முதிர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

வெட்டிய நுனியை எறியாதீர்கள். மூன்று, நான்கு அங்குல நீளம் போதும். பூவையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிட்டு, அடியைத் தண்ணீரில் முக்கிப் பால் வடிவதை நிறுத்தி, நிழலில் ஐந்து நாள் கிடத்துங்கள். வெட்டுவாய் வெளுத்துத் தோல் கட்டிய பிறகு ஈர மணலில் ஒரு அங்குலம் ஆழத்தில் நட வேண்டும். வெளிச்சமான நிழல், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை லேசான ஈரம். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள், நுனியில் புது இலை வருவதே சான்று. பாலித்தீன் பையால் மூடி வைக்கும் முறை ரோஜாவுக்குச் சரி, இதற்கு விஷம்.

30 ஜூலை 2023

ஐந்து நாள் என்று எழுதியதில் திருத்தம். கோயம்புத்தூர், மதுரை போன்ற காய்ந்த காற்றுக்கு அது போதும். சென்னை, நாகர்கோவில் போல ஈரக்காற்று உள்ள ஊரில் சின்னப் பூ ரகத்துக்கே ஏழு நாள் ஆகலாம். விரல் தடிமன் உள்ள தாய்லாந்துத் தண்டுக்குப் பத்து நாள்கூடத் தேவைப்படும். நாள் கணக்கைவிட வெட்டுவாயைப் பாருங்கள். அழுத்தினால் ஈரம் கசியாமல், தோல் போலச் சுருங்கியிருக்க வேண்டும். தாமதமாக நட்டதால் செத்த குச்சிகள் குறைவு, அவசரமாக நட்டதால் செத்தவைதான் அதிகம்.

10 செப்டம்பர் 2023

மழைக்கு முன் செய்ய வேண்டியவை. தொட்டித் துளைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள், வேரும் மண்ணும் அடைத்திருக்கும். ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். தட்டுகளை எடுத்துவிடுங்கள். உரத்தை இந்த மாதக் கடைசியோடு நிறுத்துங்கள். தாய்லாந்து ரகங்களுக்கு மேலே தகரமோ தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டோ இருந்தால் நல்லது, பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும்.

அழுகலுக்கு முன்காப்பாக ட்ரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) ஒரு தொட்டிக்கு 5 கிராம், ஒரு கைப்பிடி மண்புழு உரத்தில் கலந்து மேல் மண்ணில் கிளறிவிடலாம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு (தாமிரப் பூஞ்சைக்கொல்லி) லிட்டருக்கு 3 கிராம் கலந்தும் ஊற்றலாம்.

13 செப்டம்பர் 2023

மேலே இரண்டையும் அடுத்தடுத்து எழுதியதைப் பார்த்து ஒருவர் இரண்டையும் ஒரே நாளில் செய்திருக்கிறார். எழுதிய முறை தவறு. ட்ரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சை, தாமிர மருந்து அதையும் கொன்றுவிடும். அழுகல் இல்லாத செடிக்கு ட்ரைக்கோடெர்மா மட்டும். அழுகல் தொடங்கிய செடிக்குத் தாமிரம் மட்டும், ட்ரைக்கோடெர்மாவை இருபது நாளாவது கழித்துப் போடுங்கள்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் மழையில் நனைந்து கிடந்த செடிகள் பற்றி நிறையக் கேள்விகள். வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அடித்தண்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் போல இருந்தால், இலை எவ்வளவு மஞ்சளாகிக் கொட்டினாலும் செடி பிழைக்கும். தொட்டியைப் படுக்க வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள், பிறகு காற்றோட்டமான இடம், பத்து நாள் தண்ணீர் கிடையாது. உரம் கண்டிப்பாகக் கூடாது.

தண்டு அமுங்கினால் அன்றே பிடுங்குங்கள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டால் அழுகல் மேலே ஏறும். கீழிருந்து அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். நடுத்தண்டில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரியும் வரை அது நோயுள்ள பகுதிதான். முழு வெள்ளையாக, பால் தாராளமாகச் சுரக்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். மிஞ்சியது இரண்டு அங்குலமே ஆனாலும் அதைக் காயவைத்துப் பதியம் போடலாம். டிசம்பர் ஈரத்தில் வேர் பிடிக்கத் தாமதமாகும், பத்துப் பன்னிரண்டு நாள் காயட்டும். பழைய மண்ணை வேறு யூபோர்பியாவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

21 ஜனவரி 2024

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்று படம் போட்டவருக்கு: இது இரும்புச் சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், கடினமான போர் தண்ணீர் மண்ணைக் காரத்தன்மை ஆக்குவதால் வேரால் எடுக்க முடியாது. சீலேட்டட் இரும்பு (செடி எளிதில் எடுக்கும் வடிவம்) லிட்டருக்கு அரை கிராம், மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. தொட்டி மண்ணில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் மேல் ஒரு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புதுக்கலவை போடுங்கள். பழைய இலை மஞ்சளாவது வேறு சங்கதி. அது வயதாகவோ தண்ணீர்க் கோளாறாகவோ இருக்கும், அதற்கு இரும்பு தெளித்துப் பயனில்லை.

18 பிப்ரவரி 2024

பனி குறைந்துவிட்டது, உரம் தொடங்கலாம். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில். மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து கூடிய 13:0:45க்கு மாறுங்கள், அதே அளவு. தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகி மினுமினுக்கும், பூ குறையும். புளித்த மோர், மீன் அமிலம் எல்லாம் மாதம் தவறாமல் ஊற்றிவிட்டு "செடி நல்லா இருக்கு, பூதான் இல்லை" என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

தாய்லாந்து விவசாயிகள் தூங்குமூஞ்சி மரத்தின் மக்கிய இலையைக் கலவையில் சேர்ப்பார்கள். தெருவில் அந்த மரம் இருந்தால் சருகை ஆறு மாதம் மக்கவிட்டு, மண்புழு உரத்தில் பாதிக்குப் பதிலாகப் போடலாம்.

11 மே 2024

அக்கினி நட்சத்திரம். சின்னப் பூ சிவப்புக்கு எந்தப் பந்தலும் வேண்டாம். பெரிய இலை தாய்லாந்து ரகங்களுக்குப் பகல் 12 முதல் 4 வரை 35 சதவீத நிழல்வலை இருந்தால் பூ நிறம் வெளுக்காது. 75 சதவீத வலைக்குக் கீழே வைத்தால் பூ நின்றுவிடும், குறைந்தது நாலைந்து மணி நேர நேரடி வெயில் தேவை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்க வேர் இந்த மாதம் வெந்துபோகும். வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது தொட்டிகளை ஒன்றையொன்று நிழலாக்கும்படி நெருக்கி வையுங்கள்.

இலையில் ஊசிக்குத்துப் போல வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். காலை ஆறரைக்குள் இலையின் அடிப்புறம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. பெரும்பாலும் இதுவே போதும். நனையும் கந்தகத்தை இந்த வெயிலில் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சி முள்ளிடுக்கில் உட்கார்ந்திருக்கும், துணியால் துடைக்க முடியாது. பழைய வண்ணத்தூரிகையை ஸ்பிரிட்டில் தொட்டுத் தடவுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி., சூரியன் இறங்கிய பிறகு. முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள், பூச்செதில் சில ரகங்களில் எண்ணெய் பட்டால் கறை விழும்.

இரவோடு இரவாக இலை காணாமல் போனால் காவடிப்புழுவைத் தேடுங்கள், ஆமணக்கில் வருவதேதான். டார்ச் அடித்துக் கையால் பொறுக்கினால் இரண்டு நாளில் தீரும்.

2 ஜூன் 2024

ஒரு வருடம் கழித்து முதல் கேள்விக்கே திரும்புகிறேன். "தண்ணீரே வேண்டாம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், தரையில் நட்ட சின்னப் பூ சிவப்புக்கு அது கிட்டத்தட்ட உண்மை. வேர் கீழே இறங்கிவிட்டால் தரைச்செடி தன் ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். எட்டு அங்குலத் தொட்டிக்குள் தேட இடமில்லை. ஜூன் 11 அன்று நான் அந்தப் பேச்சை முழுதும் தள்ளியிருக்கக் கூடாது.

தரையில் வைக்க இடமுள்ளவர்களுக்கு: களிமண் நிலமென்றால் அரை அடி மேடு போட்டு அதன் மேல் நடுங்கள், செம்மண் சரளை என்றால் அப்படியே நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி. ஆடியில் நட்டால் மழைக்குள் வேர் ஊன்றும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை, செடிக்கு இரண்டு லிட்டர். இரண்டாம் ஆண்டிலிருந்து கோடையில் இருபது நாளுக்கு ஒருமுறை போதும், பூ நிற்காது. ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் வேலி ஓரத்துக்கு நல்ல செடி. நடைபாதையிலிருந்து மட்டும் மூன்றடி தள்ளி நடுங்கள். இரண்டு வருடத்தில் கிளை பக்கவாட்டில் சாயும், முள் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும்.